டிசைன் படிக்கிற பிள்ளைக்கு ஒரு லேப்டாப்

செருப்பு வாங்க வருகிறவருக்குத் தன் கால் அளவு தெரியும், சேலை எடுக்க வருகிறவருக்குத் தனக்கு எந்த நிறம் எடுக்கும் என்று தெரியும். லேப்டாப் வாங்க வருகிறவருக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் என்ன வாங்கினான் என்பதுதான் தெரியும்.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பெயர் மகேஸ்வரி. முதலாளி கம்பத்துக்காரர்; வாடிக்கையாளர், வங்கிக்காரர், எதிர்த்த டீக்கடை எல்லாருக்கும் அவர் பாய். உள்ளே சர்வீஸ் பார்ப்பது செந்தில். கடையில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று எதையாவது விற்றவர்களுக்கும், சொந்தத்தில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்' என்று பேர் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும் நான் படுகிற பாடு புரியும். மற்றவர்கள் நாளைக்கே மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் அவர்களும் படிக்கலாம்.

மதுரை பஸ்

போன வருஷம் வரை எங்கள் கடையில் ஒரே மாதிரி லேப்டாப்தான். பாடம் பார்க்க, டைப் அடிக்க, கல்யாண போட்டோ பார்க்க. கட்டடம், அனிமேஷன், துணி டிசைன் என்று படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், "கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குறது இருக்கா?" என்று கேட்பார்கள். படத்தை வரைந்து, நிழல் போட்டு, திருப்பித் திருப்பிக் காட்டுவதற்கென்றே உள்ள தனிப் பகுதி அது. அது இல்லாவிட்டால் அத்தனை பாரமும் ஒரே தலையில் விழுந்து லேப்டாப் திணறிவிடும். நாங்கள் "ஆர்டர் போட்டுத் தாரோம்" என்போம். அவர்கள் தலையாட்டிவிட்டு நேராகப் போய் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கடை வாசலில் நின்றால் அந்த பஸ் போவது தெரியும். எனக்கு வயிறு எரியும்.

பாயிடம் நச்சரித்தேன். காட்டிப் பார்க்க ஒன்றே ஒன்று வாங்கிவைப்போம், டிசைன் பிள்ளைகள் தங்கள் வேலையை அதில் ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். "ஏம்மா, நம்ம ஊர்ல அத யாரு தொடுவாக?" என்று தட்டிக் கழித்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் பார்சல் வேனிலிருந்து பெட்டி இறங்கியது. செந்தில் கையிலிருந்த சால்டரிங் கம்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான். மூடியைத் திறந்து சுவிட்சைப் போட்டதும் கீபோர்டு முழுக்க விளக்கு எரிந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றி நிறத்தை மாற்றிப் பார்த்தோம். பாய்தான் முதலில் சுதாரித்தார். விலை ஒட்டிய சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "விக்கலேன்னா உன் கல்யாணத்துக்கு இதத்தான் மொய்யா வைப்பேன், சொல்லிட்டேன்" என்றார்.

வீடு சுற்றியது

அடுத்த வாரமே சுருளிப்பட்டியிலிருந்து பாண்டியண்ணன் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். கூட மகள் காவியா. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை. முதல் வருஷம் முழுவதும் பெரிய பெரிய தாளில் கையால் வரைந்து முடித்துவிட்டாள். இரண்டாம் வருஷத்திலிருந்து எல்லாமே கம்ப்யூட்டரில். சொந்தமாக இல்லாவிட்டால் கல்லூரி லேபில் இடம் கிடைக்கிற வரை நிற்க வேண்டும், சாயங்காலம் அதையும் பூட்டிவிடுவார்கள் என்றாள்.

சாதாரணமாகப் பிள்ளைகள் கனமானதைக் கேட்பார்கள், அப்பாக்கள் மெல்லிசானதைக் காட்டுவார்கள். இங்கே தலைகீழ். காவியாவின் கண் வெள்ளி நிறத்தில் தகடு மாதிரி இருந்த ஒன்றின் மேலேயே இருந்தது. அறைத்தோழி வைத்திருப்பது அதுதானாம். பாண்டியண்ணன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, எங்கள் புதுசிடம் வந்ததும், "கனமா இருக்கே, உள்ள சாமான் நெறையப் போட்டுருப்பாக போல" என்று அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"பென் டிரைவ்ல நீ செஞ்ச டிசைன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. ஒரு விவசாயிக்கான மாடி வீடு, லேபில் உட்கார்ந்து செய்தது. அதை எங்கள் புதுசில் திறந்தேன். காவியா சுட்டியை லேசாக நகர்த்தியதும் வீடு வழுக்கிக்கொண்டு சுற்றியது. மாடிப்படியின் நிழல் சுவரில் ஏறி இறங்கியது. ஜன்னல் வழியாக வெயில் அடுப்படிக்குள் போய் விழுந்தது. காவியா சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். லேபில் அது தத்தித் தத்தித்தான் நகருமாம். தான் கட்டிய வீட்டை அவளே அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். பாண்டியண்ணனோ தலையைச் சாய்த்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அலமாரியில் மகள் பானை சட்டியெல்லாம் அடுக்கிவைத்திருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "இம்புட்டுச் சுத்துச் சுத்தியும் ஒரு ஏனம் கீழ விழல பாத்தீகளா."

போன் மாமா

விலையைச் சொன்னதும் வீடு நின்றுவிட்டது. அவர்கள் மனதில் வைத்து வந்தது அதில் பாதிதான். பாண்டியண்ணன் போனை எடுத்தார். என்னைப் போல் கவுன்டரில் நிற்கிற எல்லாருக்கும் இந்த இடம் தெரியும்: போன் மாமா வரப்போகிறார். எந்தக் குடும்பம் லேப்டாப் வாங்க வந்தாலும், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மாமா போனுக்குள் உட்கார்ந்திருப்பார். நாம் சொல்வது எதுவும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும்.

காவியாவின் தாய்மாமா சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டார்கள். "கிராபிக்ஸ் எல்லாம் கேம் ஆடுற பயலுகளுக்கு. படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு? ஸ்லிம்மா ஒண்ணு எடுங்க" என்று மாமா தீர்ப்பு சொன்னார். அந்த வெள்ளித் தகட்டின் விலையும் அவர்கள் கைக்குச் சரியாக இருந்தது. அதை விற்றுவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. ஆனால் ஆறு மாதத்தில் இந்தப் பிள்ளை லேப் வாசலிலேயே நிற்கும். "சார், ஒரே ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. அதே வீட்ட இதுல தெறக்குறேன்" என்றேன்.

திறந்தேன். சின்ன வட்டம் ஒன்று சுழல ஆரம்பித்தது. "வந்துருச்சா?" என்றார் மாமா. "வருது சார்." எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. "வந்துருச்சா?" "சுவர் வந்துருச்சு சார், கூரை இன்னும் வரல." குடித்த டம்ளரை டீக்கடைப் பெரியவர் எடுத்துக்கொண்டு போனார். காவியா மெதுவாகச் சுட்டியை நகர்த்தினாள். வீடு நகராமல் நின்று யோசித்து, பிறகு ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. கூரை மறுபடி காணாமல் போனது. "இப்ப என்ன ஆச்சு?" என்றார் மாமா. "இப்ப மறுபடி சுவர் மட்டும் இருக்கு மாமா" என்றாள் காவியா. அப்புறம் மாமா சொன்னார்: "சரி, கூரை இருக்குறதப் பாத்து எடுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு."

எங்க பச்சை

அன்றைக்கு விலை எட்டாமல் காவியா ஒன்றும் வாங்காமல்தான் போனாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நினைப்பில் இருக்கும்போதுதான் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து சரவணனும் அவன் அம்மா முத்துலட்சுமியும் வந்தார்கள். வீட்டில் தறி. பையன் ஜவுளி டிசைன் படிக்கிறான். நான் வழக்கம்போல் கிராபிக்ஸ், வேகம் என்று ஆரம்பித்தேன். "வேகம் வேணாங்க்கா, எனக்குக் கலர் சரியா தெரியணும்" என்றான். திரையில் ஒரு பச்சையைப் பார்த்துப் பார்டர் போட்டானாம். அச்சில் வேறு பச்சையாக வந்து நின்றதாம். வாத்தியார் மார்க்கைக் குறைத்துவிட்டார்.

அந்த அம்மா பைக்குள்ளிருந்து ஒரு சேலையை எடுத்தாக. அவுகளே நெய்தது, மாம்பழ மஞ்சள் உடம்பு, பச்சைக் கரை. சரவணன் அதே சேலையைப் போனில் படம் எடுத்து, கடையிலிருந்த அத்தனை லேப்டாப்பிலும் ஏற்றச் சொன்னான். பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேசை நெடுக ஒரே சேலை வரிசையாக விரிந்தது, ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு பச்சை. ஒன்று பாசி படிந்த மாதிரி, ஒன்று வாழைக்குருத்து மாதிரி, ஒன்றில் நீலம் எட்டிப் பார்த்தது. டியூப்லைட்டால் நிறம் மாறுகிறது என்று பாயே எழுந்து லைட்டை அணைத்தார். செந்தில் வயரை இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். அம்மா சேலைக் கரையைத் திரையோரம் பிடிக்க, மகன் குனிந்து பார்க்க, ரோட்டில் போனவர்கள் துணிக்கடை என்று நினைத்து விலை கேட்டார்கள்.

கடைசியில் ஒன்று பொருந்தியது. வேகத்தில் நடுத்தரம், விலையும் அவர்களுக்குத் தோது, திரை மட்டும் அசல். சேலை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. சரவணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. முத்துலட்சுமி அம்மா சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாக: "இதுல இருக்கறதுதான் எங்க பச்சை; மத்ததெல்லாம் யாரு வீட்டுப் பச்சையோ."

மலை ஏறுகிற சத்தம்

இந்த மாதிரிக் கனமான லேப்டாப்புகளிடம் ஒரு குணம் உண்டு. பெரிய வேலை கொடுத்தால் உள்ளே விசிறி சுழன்று ஓவென்று இரையும். வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் பாய் என்னிடம், "சத்தம் வர்ற வேலைய மட்டும் ஓட்டிக் காட்டாதம்மா" என்று சொல்லிவைத்திருந்தார்.

குமுளியில் ஜீப் ஓட்டுகிற மலையாளி ஜோயி சேட்டன், வண்டி வேலையாகத் தேனிக்கு வந்தவர், மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். பையன் டினு அனிமேஷன் படிக்கிறான். படிப்புக்கென்று வாங்கின வங்கிக் கடனில் லேப்டாப்புக்கும் இடம் இருந்தது. அவன் நேராகப் புதுசிடம் போய்த் தன் படத்தை ஓடவிட்டான். ஒரு யானைக்குட்டி ஓடைக்குள் குதிக்கிறது. தெறிக்கிற தண்ணீரின் ஒவ்வொரு துளியையும் லேப்டாப் கணக்குப் போட்டு வரைய வேண்டும். விசிறி கிளம்பியது. மாவரைக்கிற மாதிரிச் சத்தம். பாய் என்னை முறைத்தார். "எந்தா சத்தம் இது?" என்று ஜோயி சேட்டன் கிட்டே வந்தார். போச்சு என்று நினைத்தேன்.

அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பின்பக்கம் சூடான காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். "எவ்வளவு நேரம் இப்படி ஓடும்?" என்றார். வேலை முடிகிற வரை ஓடும் என்றேன். "எங்கில் ஓடட்டே", அப்படியானால் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார். டினுவுக்கு வெட்கம், எங்களுக்குக் கலக்கம். அவர் திரும்பி வந்தபோது விசிறி அதே சத்தத்தில் இரைந்துகொண்டிருந்தது. திரையில் யானைக்குட்டி குதித்து முடித்து, தண்ணீர் வெயிலில் மின்னித் தெறித்தது. மொத்தக் கடையும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ஜோயி சேட்டன் பெட்டியில் கட்டச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னார்: "சத்தம் போட்டு மலை ஏறுற வண்டி நல்லதாணு மோளே, சத்தமே இல்லாம நின்ன வண்டியத்தான் நான் தள்ளியிருக்கேன்."

இரண்டாங் கை

காட்டிப் பார்க்க வைத்ததே விற்றுப்போன சந்தோஷத்தில் பாய் இன்னும் இரண்டுக்குச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் பாதிதான். சுருளிப்பட்டிப் பிள்ளைக்கு வழி தெரியவில்லையே.

எங்களுக்கு அவ்வப்போது கம்பெனிகள் கழித்த லேப்டாப்புகள் மொத்தமாக வரும். அந்த முறை வந்த குவியலுக்குள் கறுப்பாக, செங்கல் மாதிரி ஒன்று கிடந்தது. மூடியில் கோடு கோடாகக் கீறல். திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஏதோ கம்பெனியில் டிசைன் வேலைக்கென்றே வாங்கின ரகம். உள்ளே தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. செந்திலைக் கூப்பிட்டேன். அவன் கழற்றி விசிறித் தூசியெல்லாம் எடுத்து, புது பேட்டரி போட்டு, ரேமை இரட்டிப்பாக்கினான். எல்லாம் சேர்த்தும் பாண்டியண்ணன் மனதில் வைத்து வந்த பணத்துக்குள் அடங்கியது. பாய்தான் தயங்கினார். "பழசம்மா. பாதியில நின்னு போச்சுன்னா அந்தப் பிள்ள படிப்புல மண்ணு விழும். யாரு பொறுப்பு?" என்றார். அவர் கேட்டது நியாயம். "நான் பொறுப்பு பாய்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

போன் போட்டுச் சொன்னதும் பாண்டியண்ணனும் காவியாவும் வந்தார்கள். அதே வீட்டைத் திறந்தேன். புதுசில் வழுக்கின மாதிரி வழுக்கவில்லை. ஆனால் கூரையோடு, நிழலோடு, நிற்காமல் சுற்றியது. காவியாவுக்கு மனசில்லாமல் இல்லை. ஆனாலும் மூடியிலிருந்த கீறல்களை விரலால் தடவிக்கொண்டே, "க்ளாஸ்ல எல்லாரும் புதுசு வச்சிருக்காங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். பாண்டியண்ணன்தான் அந்தச் செங்கலைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னார்: "ஆத்தா, நம்ம டிராக்டரு ரெண்டாங் கைதான், தோட்டம் ஒரு நாளாச்சும் அதக் கேட்டுச்சா?"

மெத்தை

கல்லூரி திறந்து, மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே போன். காவியா. அன்றைக்கு மத்தியானம் ஜூரி. வெளியூரிலிருந்து வருகிற பெரிய கட்டடக்கலைஞர்கள் முன்னால் தன் டிசைனைக் காட்டி விளக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு ஒரு சந்தை வடிவமைத்திருக்கிறாள். கடைசிப் படங்களை வெயில், நிழலோடு லேப்டாப் வரைந்து முடிக்கட்டும் என்று ஓடவிட்டிருக்கிறாள். பாதியில் லேப்டாப் பட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது.

நான் பொறுப்பு என்று சொன்னது காதில் ஒலித்தது. பாய் சாவியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். "காவியா, தொட்டுப் பாரு, சுடுதா?" என்றேன். "அடுப்பு மாதிரி இருக்குக்கா." "இப்ப எங்கன வச்சிருக்க?" "மடியில வச்சா சுடுதுன்னு மெத்தை மேல வச்சிருக்கேன்." எனக்கு உயிர் வந்தது. காற்று இழுக்கிற ஓட்டையெல்லாம் லேப்டாப்பின் அடியில்தான் இருக்கிறது. மெத்தை அதை அப்படியே மூடிவிட்டது. உள்ளே வெந்துபோய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்திருக்கிறது. "மேசைக்கு மாத்து. நாலு மூலைக்கும் அடியில ஏதாவது முட்டுக் குடு. ஆறினதும் போடு" என்றேன். அறைத்தோழியின் குழம்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து மேலே வைத்தாள். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். போனை வைக்கவில்லை. இங்கே செந்தில், பாய், நான், மூன்று பேரும் ஸ்பீக்கரைச் சுற்றி நின்றோம். "வந்துருச்சுக்கா. ஓடுது. நிக்காம ஓடுது" என்றாள். அந்தப் பக்கம் விசிறி இரைகிற சத்தம் இங்கே வரை கேட்டது. அதைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவர் பிரின்டர் மை கேட்டதற்குச் சுட்டியை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் போன் வந்தது. எல்லாப் படமும் முடிந்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். வெள்ளித் தகடு வைத்திருந்த அறைத்தோழியும் கடைசிப் படங்களை இவள் செங்கலில்தான் போட்டு எடுத்தாளாம். "ஜூரி என்ன சொன்னாக, அதச் சொல்லு முதல்ல" என்றேன். காவியா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சந்தைக்கு வாசல் பத்தாது, லாரி திரும்ப எடமில்லன்னு என்னைய வறுத்து எடுத்துட்டு, கடைசில அதுல ஒருத்தரு 'லேப்டாப்ப எங்க வாங்கினம்மா?'ன்னு கேட்டாருக்கா."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித் தேடித் தேடி லேப்டாப் எடுத்துக் கொடுக்கிற நான், வீட்டில் வைத்திருப்பது சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துபோகிற, என் அண்ணன் கழித்துப்போட்ட ஒன்றுதான் என்பதை மட்டும் தயவுசெய்து கடைக்கு வருகிறவர்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.